ஆன் த வே

அரூர் சாலையோரம் பைக்கை நிறுத்துகிறேன். பாதி ரோட்டில் ராகி காய்கிறது. அதைக் காவல் காக்கும் பெண் போனில் கத்துகிறார்: "ஆன் த வே அண்ணா! சீக்கிரம் அள்ளு!"

எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் ஊரில் 'ஆன் த வே' என்றால் ஆள் இன்னும் குளிக்கவே இல்லை என்று அர்த்தம்.

"யாருங்க வர்றாங்க, சொந்தக்காரங்களா?"

"மழைங்க! தீர்த்தமலைல என் தங்கச்சி வூடு நனைஞ்சிடுச்சாம், இப்பத்தான் போன் போட்டா. கம்பைநல்லூர்ல அண்ணன் ராகியும் ரோட்லதான் கெடக்குது. செத்த இந்தச் சாக்கப் புடிங்க!"

சாக்கைப் பிடித்தபடி திரும்புகிறேன். தீர்த்தமலை இருந்த இடத்தில் மலையே இல்லை. வானத்துக்கும் வயலுக்குமாக ஒரு வெள்ளைச் சுவர் இரைந்துகொண்டு வருகிறது. சாலையோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக அதற்குள் போகின்றன. சாக்கை மறந்து அதையே பார்க்கிறேன்.

"வேடிக்கை பாக்காதீங்க!" என்று அதட்டி, ராகியை வாரிக் கொட்டுகிறார் அவர். கடைசி வாரலோடு முதல் துளிகளும் சாக்குக்குள் விழுகின்றன.

என் போன் அடிக்கிறது. அரூரில் காத்திருக்கும் நண்பன்.

"எங்கடா இருக்கே?"

வழக்கமான 'ஆன் த வே' நாக்கு நுனிவரை வருகிறது. அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"மழைதான்டா ஆன் த வே. நான் இங்கேருந்து இன்னும் கெளம்பல" என்கிறேன்.