அடையாற்று முகத்துவாரம் வரை ஒரு பாய்மரப் படகில்

1931, தை மாதம், புதன்கிழமை. விடியற்காலை ஐந்தரைக்கு மைலாப்பூர்க் குளத்தங்கரையில் ஜட்கா வண்டி ஏறினோம். அடையாற்றுப் பாலம் வரை இரண்டு மைல், ஆறணா. தண்ணீர் என்றாலே எனக்குப் பயம். சேஷாத்ரிதான் விடவில்லை. பன்னிரண்டு வருஷமாக என் பாட்டுக்கு மிருதங்கம் வாசிக்கிறவர். அவர் பேச்சைத் தட்ட முடியுமா?

பாலத்துக்குக் கிழக்கே அவருடைய பாய்மரப் படகு நின்றது. எவனோ ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது கரையில் மட்கப் போட்டுவிட்டுப் போனது. இரண்டு வருஷமாகத் தேக்குப் பலகை மாற்றி, இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்து, மனுஷர் ஆளே கறுத்துப்போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தனியாகவே ஓட்டுவாராம்.

"நீ முன்னாடி, என்னைப் பாத்துண்டு உக்காரு," என்றார்.

"நான் கடலைப் பாக்க வேண்டாமா ஓய்?" என்றேன். அவர் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஆறே முக்காலுக்குப் பாய் விரிந்தது. அழகாகத்தான் போயிற்று, பொய் சொல்வானேன்! ஒரு மைல் கடந்து முகத்துவாரம் நெருங்கியபோது, எதிர்வெயிலில் அவருக்குக் கண் கூசியது. பின்னால் கட்டுமரத்தில் வந்த சாந்தோம் மீனவர் அருளப்பன் கத்தினார்:

"சாமி, தெக்கால திருப்பு! மணல்மேட்டுல அலை ஒடையுது, சத்தம் காதுல வுழல?"

எனக்கு அது இடிபோலக் கேட்டது. சேஷாத்ரி அசையவில்லை. "திருப்பும் ஓய்!" என்று அலறினேன். வெயிலுக்குத் தாழ்ந்த அவர் கண், மடிமேலிருந்த என் கையிலேயே இருந்தது. பதறிப்போய்த் தெற்கே கையை நீட்டினேன். அந்தக் கணமே சுக்கானைத் தள்ளினார். அலை எங்களுக்குப் பக்கத்தில் உடைந்து இருவரையும் நனைத்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக மேடையில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தாளம் போடும் கையையே பார்த்து வாசித்தாரே! என் பாட்டில் சொக்கிப்போகிறார் என்றல்லவா வீட்டில் பெருமையடித்தேன்!

காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். இந்தமுறை என் உதட்டைப் பார்த்தார்.

"ஒரு வருஷமாவே காது மந்தம். ஆவணியிலேர்ந்து ஒண்ணுமே விழலை. தோல் அதிர்றது விரலுக்குத் தெரியறது. சுருதி எறங்கினா தெரியலை. வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு வேற ஆளைப் பாத்துக்கோ. ஆத்துல, மனுஷா நடுவுல, சொல்ல வாய் வரலை. அதான் ஒன்னைப் படகுக்கு இழுத்துண்டு வந்தேன்."

அவர் சொன்னது நியாயம். மறுக்க என்னால் முடியவில்லை.

அருளப்பன் கட்டுமரத்தை அருகே கொண்டுவந்து, "இன்னா சாமி இது? இனிமே அவர தனியா உடாத, கூட ஒரு ஆளு வோணும்," என்றார்.

"என்னவாம்?" என்று சேஷாத்ரி என்னைக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமையும் நான் வரணுமாம்," என்றேன், நிறுத்தி நிதானமாக.

வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் வேறொருவர் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை, பயம் விடாவிட்டாலும், படகின் முன்பலகையில் சேஷாத்ரியைப் பார்த்து உட்கார்ந்து, அவர் கண்ணில் படும்படி கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டேன்.