வில்லங்கச் சான்றில் வராத ஒத்தி

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு வளவில், ஒரே வாசலுக்குள் வரிசையாக இருந்த மூன்று வீடுகள் விலைக்கு வந்தன. வாடகை வந்தால் குடும்பத்துக்குத் தெம்பாக இருக்குமே என்று எனக்கு ஆசை. அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். கணக்கில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் அப்போது நிறையவே இருந்தது. விலைக்கு மேல் என்னென்ன செலவு வரும் என்று ஒரு முழுத்தாளில் எழுதினேன். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதுகிறவர் கூலி, தரகு, வில்லங்கச் சான்று, சாட்சிகளுக்கு வாங்கித் தரும் காபி வரைக்கும். மனைவியின் வளையல்களை அடகு வைத்ததில் எல்லாம் அடங்கிவிட்டது.

"குடியிருக்கவங்ககிட்ட இப்பமே போயி பேசாதேயும் வே. விஷயம் வெளிய போச்சுன்னா வெல ஏறிரும்" என்றார் தரகர். பத்திரம் முடியும்வரை வாய் திறக்காமல் இருப்பதுதான் ஊர் வழக்கம். மூன்றும் வாடகைக்கு விட்ட வீடுகள் என்று விற்றவர் சொன்னதை நம்பினேன்.

பத்திரம் முடிந்து வாடகை வாங்கப் போனபோது, கடைசி வீட்டுப் பெண் ஒரு முத்திரைத்தாளை நீட்டினாள். விற்றவரிடம் இருபதாயிரம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையில்லாமல் ஒத்திக்கு இருந்தார்கள். காலி செய்யும்போது வீட்டுக்காரர் அதைத் திருப்பித் தரவேண்டும். பதிவு செய்யாத ஒத்தி வில்லங்கச் சான்றில் எப்படி வரும்?

"அவுகளுக்கு ஆப்பரேசன் பண்ணணும்னு சொல்லுதாவ அண்ணாச்சி. ஒத்திப் பணத்தத் தந்தியன்னா, வீட்டக் காலி பண்ணிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருதோம்."

உள்ளே அவள் கணவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"பணத்த வாங்குனவர்ட்ட போயிக் கேளு. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று கத்தினேன். விற்றவர் பம்பாயிலிருக்கும் மகனிடம் போய்விட்டது எனக்குத் தெரியும். வீட்டை வாங்கியவன்தான் ஒத்தியைத் திருப்ப வேண்டும் என்பதும் தெரியும். நான் ஏமாந்தேனே என்ற ஆத்திரம்தான் கண்ணை மறைத்தது. அவள் மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் கையில் பணமில்லை என்றேன். என் மனைவியின் சங்கிலி அப்போதும் பீரோவில்தான் இருந்தது.

கணவன் செத்துப்போனான். பதினாறாம் நாள் கழிந்ததும் சங்கிலியை அடகு வைத்துப் பணத்தோடு போனேன். அவள் அதைத் தொடவில்லை.

"இப்பம் எதுக்கு அண்ணாச்சி? நீங்களே வச்சிக்கிடுங்க. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்கு. நாங்க இங்கனயே இருந்துக்கிடுதோம்."

அன்று சாயங்காலமே சங்கிலியை மீட்டுவிட்டேன். ஒரு நாள் அடகுக்கும் கடைக்காரர் பிடிக்கிற ஒரு மாத வட்டிதான் எனக்கு நஷ்டம்.