சீன்ல விட்ட சிநேகிதி

என் பேத்திக்குப் பதினைந்து வயது. அவள் வாய்க்குப் பயந்து மந்தைவெளி ஆட்டோக்காரர்களே ஒதுங்கிப் போவார்கள். அப்படியே என்னை உரித்துவைத்தவள். போன் கைக்கு வந்ததும் அந்த வாய் விரலுக்கு இறங்கிவிட்டது. சோறு வேண்டுமா என்று கேட்டால்கூட கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். நான் பதிலுக்குக் கரண்டியைத் தூக்கிக் காட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டைவிரல்கூட எழும்பவில்லை. போனைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"அவ என்னை சீன்ல வுட்டுட்டா, ஆயா."

அவள் என்றால் கோட்டூர்புரத்துத் தோழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டே திரிந்தவர்கள்.

"அவ சீன் போட்டா நீ டபுளா போடேன். ஒங்கப்பன் போடாத சீனா?"

"ஐய, அந்த சீன் இல்ல, பாத்தாச்சுன்னு போன் காட்ற 'சீன்'! நான் அனுப்சத பாத்துட்டா, நீல டிக் வந்துகீது. பதிலே போடல. இனிமே என்கூட சேர மாட்டா."

"வூடு இங்கதான கீது? போய்க் கேளு."

"நேர்ல பேச வராது ஆயா. டைப் பண்ணாதான் வரும்."

ஆட்டோக்காரர்களை ஓடவிட்டவள் சொல்கிற பேச்சா இது! எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

சாயங்காலம் அவளே செருப்பை மாட்டினாள். "நீ சும்மா கூட வா. வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். எனக்குப் போய் இந்தத் தண்டனை!

கோட்டூர்புரத்தில் தோழி மாடிப்படி இறங்கி வந்தாள். இருவரும் முழித்துக்கொண்டு நின்றார்கள். என் பேத்தியின் கை போனைத் தேடிப் போனது. பாதியில் திரும்பி இடுப்பில் ஏறியது. பிறகு தெருவுக்கே கேட்கும்படி ஒரு குரல், என் குரலேதான்:

"இன்னாடி, சீன் போடுறியா?"

"நீதான் சீன் போடுற! பரீட்சைன்னு என் போன எங்கம்மா புடுங்கி வச்சிக்கினு கீறாங்க. பாத்தது அவங்கடி, லூசு!"

அந்தப் படியிலேயே உட்கார்ந்து சண்டை போட்டார்கள், சிரித்தார்கள், மறுபடி சண்டை போட்டார்கள். கால் கடுத்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் போனை எடுத்தாள், பையில் போட்டாள், மறுபடி எடுத்தாள். அது அவ்வளவு சுலபத்தில் விடுமா? ஆனால் வாய் மட்டும் நிற்கவே இல்லை. முன் சீட்டில் இருந்த பெண்மணி திரும்பி, "யாரும்மா இது? காதே போச்சு" என்றாள்.

"என் பேத்தி" என்றேன். கொஞ்சம் சீன் போட்டுத்தான் சொன்னேன்.