எச்சரிக்கை அக்காவின் கேள்வி நேரம்

தொழில் வட்டாரத்தில் அவளுக்குப் பெயர் எச்சரிக்கை அக்கா. இயந்திரங்களோடு பெட்டிக்குள் வரும் கையேடுகளை எழுதுவது அவள் வேலை. அதிலும் ‘முதலில் நிறுத்துங்கள்’, ‘இங்கே கை வைக்காதீர்கள்’ போன்ற வரிகளை எந்த இடத்தில் வைப்பது, எவ்வளவு சுருக்கமாகச் சொல்வது என்பதில் அவளிடம் விளையாட முடியாது. இளையவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, “இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவன் கை போயிடும்மா, சுருக்கு” என்பாள்.

“ஊர்ல ஒருத்தரும் படிக்காத புத்தகத்தை இவ்வளவு அக்கறையா எழுதறவ நீ ஒருத்திதான்” என்று கணவர் கேலி செய்வார். அவள் சிரித்துக்கொள்வாள். அந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்பது அவருக்கும் தெரியும்.

அவள் தம்பி அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தான். புது இயந்திரம். ஒருநாள் நடுவில் காகிதம் சிக்கிக்கொண்டது. கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்தான். ஒரு பக்கத்தின் கடைசி வரி, ‘சிக்கிய தாளைக் கையால் வெளியே எடுக்கவும்’ என்றது. எடுக்கப் போனான். அடுத்த பக்கத்தின் முதல் வரி, ‘அதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தவும்’ என்றது. அவன் பக்கத்தைத் திருப்பவே இல்லை. இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன.

அப்போது அவள் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அச்சகத்துக்குப் போய் அந்தக் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தாள். இதை எழுதியவர் கெட்டவரில்லை. பக்கம் எங்கே முடியும் என்று பார்க்காதவர், அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்த வைராக்கியத்தில்தான் படித்துத் தேறி இந்தத் தொழிலுக்கு வந்தாள்.

முதலில் சேர்ந்த கம்பெனியில் அவளுக்கு மேலே ஒரு டீம் லீடர் இருந்தார். நல்ல குரல், நல்ல உயரம். மைக் கிடைத்தால் கீழே வைக்கமாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவர் மைக் சார். ஒருநாள் டீ குடிக்கும்போது, நீ ஏன் எச்சரிக்கை வரிகளுக்காக இப்படிச் சண்டை போடுகிறாய் என்று கேட்டார். அவள் தம்பியைப் பற்றிச் சொன்னாள். அதுவரை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டிருந்த அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பரவாயில்லை, ஈரமுள்ள மனுஷன் என்று நினைத்தாள்.

இந்தத் தொழில்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். கையேடு எழுதுகிறவர்கள், கம்பெனிகளுக்குப் பயிற்சிப் பாடம் தயாரிக்கிறவர்கள் எல்லோரும் வருவார்கள். கழுத்தில் அட்டை, கையில் பேனா, குளிரூட்டி நடுங்கவைக்கும் ஹால், எப்போதும் முதல் பேச்சாளரின் காலை வாரிவிடும் புரொஜெக்டர். காலையில் உரைகள், மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து வண்ணத் துண்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. வெளியாருக்கு இது பிள்ளை விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் அறைக்குள் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு, தங்களைப் போன்றவர்களைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நாள் அது. அந்த வருஷம் மைக் சார் மேடையேறினார்.

“எனக்கு ஒரு தம்பி” என்று ஆரம்பித்தார்.

அச்சகம், சிக்கிய தாள், பக்கத்தின் கடைசி வரி, அடுத்த பக்கத்தின் முதல் வரி. ஒன்றையும் விடவில்லை. அவள் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு சொன்ன அதே சொற்கள். பேசி முடித்ததும் ஹால் எழுந்து நின்று கைதட்டியது. அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

வராந்தாவில் அவரை மடக்கினாள். “சார், அது என் தம்பி.”

அவர் சிரித்தார். “அட, ஒரு விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேரணும்னா சொல்லத் தெரிஞ்சவன் சொல்லணும்மா. நீ சொல்லியிருந்தா இத்தனை பேர் எழுந்து நின்னிருப்பாங்களா? இதையெல்லாம் பெரிசு பண்ணாதே.” தோளில் தட்டிவிட்டு, கை குலுக்கக் காத்திருந்த கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அவள் வேலையை விட்டாள். வேறு கம்பெனியில் சேர்ந்து, அங்கே இளையவர்களுக்குத் தம்பி கதையைத் தானே சொல்லிப் புரியவைத்தாள். ஆனால் அவரை விடவில்லை. அவர் பேசும் கூட்டம் எங்கே நடந்தாலும் சொந்தச் செலவில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். “போயும் போயும் அந்த ஆளோட பேச்சைக் கேக்கறதுக்கா லீவு போடறே?” என்று கணவர் தலையில் அடித்துக்கொள்வார். “அவன் எதுவரைக்கும் போறான்னு பாக்கணும்” என்பாள்.

அவர் வெகுதூரம் போனார். விரல்கள் முழுக் கையாயின. இடது, வலது ஆயிற்று. அந்தப் பேச்சின் பலத்தில் சொந்தமாகப் பயிற்சி நிறுவனம் தொடங்கினார். கடைசியில் ஒரு கூட்டத்தில், குரல் உடைய, “அவன் பிழைக்கலை” என்றார். முன்வரிசையில் ஒரு பெண் விம்மி அழுதாள்.

பாவி, கொன்றுவிட்டானே என்று எச்சரிக்கை அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சாயந்திரம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் முடிவு செய்துவிட்டாள். சும்மா திட்டிப் பிரயோசனமில்லை. அவர் எந்த இடத்தில் ஏறினாரோ அந்த இடத்திலேயே இறக்க வேண்டும்.

அந்த வருஷக் கூட்டத்தை நடத்தும் சங்கத்தின் ஏற்பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். யாரும் தொடாத வேலைகளை இழுத்துப் போட்டுச் செய்தாள். ஹால் பிடிப்பது, அட்டை அடிப்பது, சாப்பாட்டுக்காரரோடு மல்லுக்கட்டுவது. சங்கத் தலைவிக்கு அவள் இல்லாவிட்டால் கை ஓடாது என்ற நிலை வந்தது. அப்போது ஒருநாள், யாரை முக்கியப் பேச்சாளராக அழைக்கலாம் என்ற பேச்சு எழுந்ததும், “மைக் சாரைக் கூப்பிடலாமே. தம்பி பேச்சு இன்னும் நிறையப் பேர் கேக்கலை” என்றாள்.

போனில் அழைத்தபோது அவருக்கே ஆச்சரியம். “பழசையெல்லாம் மறந்துட்டீங்க போல. பெரிய மனசும்மா உங்களுக்கு.”

“வாங்க சார். கேள்வி நேரத்தை நானே நடத்தறேன்” என்றாள்.

பாக்கி இருந்தது தம்பிதான். அவன் கடைத்தெருவில் சாவி போடும் கடை வைத்திருந்தான். மூன்று விரல் கையால் சாவியை இடுக்கிப் பிடித்து அவன் அரம் போடுகிற வேகத்தைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நான் வரலைக்கா. அந்த ஆள் மேடையில சொல்றான். நீ உங்க ஆபீஸ் பிள்ளைங்ககிட்ட சொல்றே. என் விரலை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்து போகவில்லை. “அவன் உன்னைச் சாகடிச்சுட்டான்டா.”

அரம் நின்றது. “எப்போ?”

“போன கூட்டத்துல.”

“எதுல செத்தேன்?”

“கை புண் சீழ் பிடிச்சு.”

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நல்லவேளை, ரொம்ப இழுக்கலையே? சரி, எழவுக்கு நீ வந்தியா?”

“அம்மா பிணத்து மேல மயங்கி விழுந்தாங்களாம்.”

சிரிப்பு அப்படியே அறுந்தது. விரல் போன அந்த நாட்களில் அவர்கள் அம்மா ஒருதரம்கூட அவன் முன்னால் அழவில்லை. தினமும் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, “நாளைக்கு நீயே போடணும்” என்று மட்டும் சொல்வாள். அம்மா காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

“அம்மாவையுமா இழுத்துட்டான்?” என்றான். சாவியைக் கீழே வைத்தான். “என்னைக்குக் கூட்டம்?”

கூட்டத்தன்று தம்பிக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மைக் சார் வழக்கத்தைவிட நன்றாகப் பேசினார். தம்பி செத்த இடம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவளும் தட்டினாள்.

பிறகு மேடையேறி அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். குரலை ரொம்ப மெதுவாக வைத்துக்கொண்டாள்.

“மன்னிக்கணும் சார், கஷ்டமான கேள்விதான். எந்தக் கைன்னு சொன்னீங்க?”

“வலது கை.”

“அவர் கடைசியா உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?”

அவர் தலை குனிந்தார். “‘அண்ணா, இனிமே எவனுக்கும் இப்படி ஆகக் கூடாது’ன்னான். அந்த வார்த்தைதான் என்னை ஓடவைக்குது.”

“அம்மா எப்படித் தாங்கினாங்க?”

“தாங்கலையே. அன்னைக்குப் படுத்தவங்கதான், எழுந்திருக்கவே இல்லை.”

இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று அவள் உள்ளுக்குள் நாக்கைச் சப்புக்கொட்டினாள். இத்தனை வருஷமும் வயிற்றில் கிடந்த கனல் அந்த நிமிஷம் சர்க்கரையாக இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை. போதும் என்று தோன்றியபோது ஹாலைப் பார்த்து, “அடுத்த கேள்வி, முன்வரிசையிலேர்ந்து” என்றாள்.

தம்பி எழுந்தான். நீட்டிய மைக்கை இடது கையால் வாங்கினான். இரண்டு விரல் இல்லாத அந்தக் கையை எல்லோரும் பார்த்தார்கள். மைக் சாரும் பார்த்தார்.

“வணக்கம் சார். நான் சாவி போடறவன். இவங்க என் கூடப் பிறந்த அக்கா. அந்த மெஷின்ல கையை விட்டது நான்தான். இந்தக் கை. நான் சாகலை சார், நல்லாத்தான் இருக்கேன். உங்களை இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன். என்னைப் பத்தி எதை வேணா சொல்லிட்டுப் போங்க. எங்க அம்மா படுத்த படுக்கையா கிடந்தாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. அவங்க ஒருநாள்கூடப் படுக்கலை.”

மைக் சார் சிரிக்கப் பார்த்தார். “இது வந்து... பாடம் மனசுல பதியறதுக்காக ஒரு மாதிரி...”

“போன தடவை நான் நிஜமா அழுதேன் சார்” என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

அவர் எச்சரிக்கை அக்காவைப் பார்த்தார். பேச்சாளர் திணறினால் கை கொடுத்துத் தூக்குவதற்குத்தான் எதிர் நாற்காலியில் ஆள் போடுவார்கள். அவள் கையை மடியில் கட்டிக்கொண்டு, “நேரம் இருக்கு. வேற கேள்வி?” என்றாள். கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. ஒருவரையும் அவள் விட்டுவிடவில்லை. கடைசிக் கேள்வி முடிந்த பிறகுதான் அவரை இறங்கவிட்டாள்.

அன்று மத்தியானம் தலைவி அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்தார். “தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. இப்படி நாலு பேர் முன்னாடி...”

“தனியாத்தான் மேடம் முதல்ல சொன்னேன். சிரிச்சார்.”

ஏற்பாட்டுக் குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். அவள் வருத்தப்படவில்லை. சேர்ந்த காரியம் முடிந்துவிட்டது. மைக் சாருக்கு அழைப்புகள் நின்றன. பயிற்சி நிறுவனத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொண்டார் என்று கேள்வி. அதைக் கேட்ட நாளில் அவள் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். “உனக்குக் கொஞ்சம்கூடப் பாவமா இல்லையா?” என்றார் கணவர். யோசித்துப் பார்த்தாள். “இல்லை” என்றாள்.

சில மாதம் கழித்து மைக் சார் தம்பியின் கடைக்கே போய் நின்றாராம். மன்னிப்புக் கேட்டாராம். தம்பி அவரை ஸ்டூலில் உட்காரவைத்து டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். கேட்டதும் அவள் கொதித்தாள்.

“டீ வாங்கிக் கொடுத்தியா? அவனுக்கா?”

“உன் கோபம் உன்னோடதுக்கா. நான் குறுக்க வரலை. விரல் என்னோடது. நீயும் இனிமே அதை யார்கிட்டயும் சொல்லாதே.”

பல நாள் தம்பியோடு பேசவில்லை. ஆனால் அவன் கேட்டபடி அந்தக் கதையை விட்டுவிட்டாள். இளையவர்களுக்கு இப்போது வேறு உதாரணங்கள் சொல்கிறாள். அவற்றுக்கு அத்தனை வேகமில்லை என்று அவளுக்கே தெரிகிறது.

அடுத்த வருஷக் கூட்டத்துக்குச் சாதாரணப் பங்கேற்பாளராகப் போனாள். மைக் சாரும் வந்திருந்தார். மேடைக்கு இல்லை, கடைசி வரிசைக்கு. இடைவேளையில் காப்பி மேசையருகே அவள் பக்கம் வந்து, “நான் உங்ககிட்ட ஒரு...” என்று இழுத்தார்.

“காப்பி எடுத்துட்டீங்கன்னா கொஞ்சம் நகருங்க சார். பின்னாடி ஆள் நிக்குது.”

அவர் நகர்ந்தார். அவள் டம்ளரை நிரப்பிக்கொண்டு, அடுத்த உரைக்கு நல்ல இடம் பிடிக்க உள்ளே போனாள்.