ரோட்டுக்குக் கிழக்கே

தையல்காரி செபாஸ்தியம்மாளை மனுதாரராக வைத்து வழக்குப் போடலாம் என்று சொன்னவன் நான்தான். பின்னால் அவர் பட்ட பாட்டுக்கெல்லாம் நானே பொறுப்பு.

1999ஆம் வருஷம். திண்டுக்கல்லில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் ஊரில் ரெட்டியார்சத்திரம் போகும் ரோடுதான் எல்லை. இருபுறமும் வேறு வேறு சட்டமன்றத் தொகுதி. கிழக்கே இரண்டரை லட்சம் ஓட்டுக்கு ஒரு எம்.எல்.ஏ. மேற்கே ஒன்றேகால் லட்சத்துக்கே ஒருவர். இது என்ன நியாயம் என்று உயர் நீதிமன்றத்தில் கேட்க எங்கள் வக்கீல் துடித்தார். அதற்குக் கிழக்குத் தொகுதி வாக்காளர் ஒருவர் வேண்டும். டீக்கடையில் வாய் கிழியப் பேசிய ஆம்பளைகள் கையெழுத்து என்றதும் நழுவிவிட்டார்கள். சாக்கடைக்காக எம்.எல்.ஏ.வுக்கு ஏழு மனு கொடுத்துப் பதிலே காணாத செபாஸ்தியம்மாள்தான் பேனாவை வாங்கினார்.

"எங்க ஓட்டு மட்டும் அரை ஓட்டா?" என்றார்.

விசாரணை நெருங்கும்போது, அவர் கிழக்கே குடியில்லை, வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்று தேர்தல் அதிகாரிக்கு ஆட்சேபணை போனது. திங்கட்கிழமை அதிகாரி நேரில் பார்க்க வருவதாக நோட்டீஸ். பெயர் போனால் வழக்கும் போச்சு. சனிக்கிழமையே, அவர் கிழக்கே வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் பொன்னுத்துரை சாமான்களைத் தெருவில் இறக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டார். வழக்கு ஜெயித்தால் மேற்குத் தொகுதியின் எல்லை மாறிவிடும்; யார் சொல்லிச் செய்தார் என்று எங்களுக்குத் தெரியாதா?

கிழக்கே பத்து வீடு ஏறி இறங்கினோம். எல்லோரும் பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது மேற்குத் தொகுதியின் கட்சிக்காரர் ஒருவர் வந்து நின்றார்.

"மேக்க என் வீடு சும்மாதான் கெடக்கு தாயி. வாடகை வேணாம். மெசின் நனைஞ்சா பொழப்பு என்னாகுறது?"

எனக்கு எங்கே போயிற்று புத்தி? கையெடுத்துக் கும்பிட்டேன். தையல் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றி நானே தள்ளினேன்.

நடு ரோட்டில் செபாஸ்தியம்மாள் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"ஏலே சகாயராஜ், எங்க போறோம்?"

"மழை வருதுக்கா. ரெண்டு நாளைக்குத்தான."

"அந்த ரெண்டு நாளுக்குள்ளதானலே திங்கக்கெழம வருது?"

மேற்கே கால் வைத்திருந்தால் ஆட்சேபணையை நானே உண்மையாக்கியிருப்பேன். லாரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டத் திட்ட வண்டியைத் திருப்பினேன்.

மாடு வைத்துப் பால் ஊற்றும் சோலையம்மாள் கிழக்கே தன் கொட்டகையில் பாதியை ஒழித்துக் கொடுத்தார். அவர் யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை.

திங்கள் காலை அதிகாரி வந்தார். கூடவே பொன்னுத்துரையும் கட்சிக்காரரும். செபாஸ்தியம்மாள் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கன்றுக்குட்டி.

"இதுல மனுசர் குடியிருப்பாங்களாம்மா?" என்றார் அதிகாரி.

செபாஸ்தியம்மாள் எழுந்து சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தார். ஆவி வந்தது. "பொங்குறது இங்க, தைக்கிறது இங்க, படுக்குறது இங்க. நான் வேற எங்க இருக்கேன்னு நீங்களே எழுதுங்க சார்."

அதிகாரி பேனாவைத் திறந்தவர் எழுதவில்லை. கட்சிக்காரரைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். கடைசியில் "குடியிருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. எல்லைகளை இப்போது மாற்ற அரசியலமைப்புச் சட்டமே தடை போட்டிருக்கிறது, நீதிமன்றம் தலையிட முடியாது என்று தள்ளுபடி. வெட்கமாக இருந்தது எனக்கு. ஒரு பெண்ணை எட்டு மாதம் சாணி நாற்றத்தில் படுக்க வைத்ததுதான் மிச்சம். மேற்கே நல்ல வீடாகப் பார்த்து வைத்துவிட்டு, தள்ளுவண்டியோடு போனேன்.

செபாஸ்தியம்மாள் ஸ்டூலில் ஏறி நின்று கொட்டகைக்குப் புதுத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"அதான் தோத்துட்டோமேக்கா, இன்னும் எதுக்கு இங்க?"

அவர் குனிந்து கையை நீட்டினார்.

"அப்பீல் இருக்குல்ல? அந்த ஆணிய எடு."