ஜும்ஆ நேரத்தில் மாற்றிய ஹார்ட் டிஸ்க்

எங்கள் அச்சகத்தின் பிரதான கணினியிலிருந்து ஒரு புதன்கிழமை டிக் டிக் என்று சத்தம் வரத் தொடங்கியது. ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. ஏழு பாடசாலைகளின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் அதற்குள்தான் இருந்தன. சனிக்கிழமை அச்சடிக்க வேண்டும், திங்கள் பரீட்சை. நான் தட்டச்சு செய்து முடித்ததும் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடுவது எங்கள் வழக்கம். வேறு பிரதி கிடையாது.

"கொழும்புக்கு அனுப்புவமா, புள்ள?" என்று முதலாளி ஹாஜியார் கேட்டார்.

"வினாத்தாள் வெளிய போகப்படா ஹாஜியார். நானே புது டிஸ்க்குக்கு மாத்துறன்."

நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரை மட்டும் படித்தவள். நாலு பேர் இருந்தால் வாய் திறக்க மாட்டேன். ஆனால் இந்த லினக்ஸ் கணினியோடு பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறேன்.

"பென் டிரைவுக்கு ஏத்துற மாதிரி இழுத்துப் போட்டாச் சரிதானே, ராத்தா?" என்றார் பக்கம் வடிவமைக்கும் தம்பி. அவருடைய மகளும் திங்கட்கிழமை பரீட்சை எழுதுகிறாள்.

வியாழக்கிழமை ஒரு போல்டரை மட்டும் சாதாரணக் கட்டளையால் பிரதியெடுத்துப் பார்த்தேன். கோப்புகள் எல்லாம் வந்தன, ஆனால் உரிமை என் பெயரிலிருந்து நிர்வாகியின் பெயருக்குப் போய்விட்டது. நான் அடித்த தாளை என்னாலேயே திறக்க முடியவில்லை. செய்முறையை எழுதி வைத்திருந்த கொப்பியில் அந்தக் கட்டளையை வெட்டிவிட்டுச் சரியானதை எழுதினேன். யாருடையது, யார் திறக்கலாம், எப்போது எழுதியது, இவையும் கோப்போடு சேர்ந்து வரவேண்டும். வினாத்தாள்களை நான் மட்டும்தான் திறக்கலாம்.

அச்சகத்தின் மற்றக் கணினிகளிலிருந்தும் பிரதான கணினியில்தான் சேமிப்பார்கள். பிரதியெடுக்கும்போது யாரும் அதில் எதையும் சேமிக்கக் கூடாது. வேலை செய்யும் மூன்று ஆண்களிடம் கையை எடுங்கள் என்று சொல்வது எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் அதைச் சொல்லத் தேவையே இல்லை. எல்லோரும் ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள்.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கட்டளையை அழுத்தினேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. தொழுகை தொடங்கும்போது கடைசிக் கோப்பும் புது டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்தது. கணினி எழும்புவதற்கான சிறு நிரலை அதில் எழுதினேன். பழைய டிஸ்க்கின் அடையாளம் இருந்த இடத்தில் புதியதன் அடையாளத்தைப் போட்டேன். பழையதைக் கழற்றி எடுத்துவிட்டு மின்சாரம் கொடுத்தேன். கணினி சத்தமில்லாமல் எழும்பியது.

அத்தர் மணக்க எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

"தம்பி, உங்கட கம்பியூட்டர்ல இருந்து வினாத்தாள் போல்டரத் திறந்து பாருங்க."

"மெய்யாவா ராத்தா? திறந்தா மகளுக்கு நல்ல காலம்தான்."

இரண்டு தடவை அழுத்தினார். அனுமதி இல்லை என்று வந்தது.

"விடுதில்ல ராத்தா."

"அப்ப மகளப் படிக்கச் சொல்லுடா!" என்று ஹாஜியார் சிரித்தார்.

பிறகு நான் என் கணினியிலிருந்து திறந்தேன். உடனே திறந்தது. ஏழு பாடசாலைகளும் இருந்தன. கணிதத் தாளின் கடைசிக் கேள்வி வரை பார்த்து முடித்தேன்.

"நாளைக்கு அடிக்கலாம். பேப்பர் கட்டுகள இறக்குங்க" என்று சொல்லிவிட்டு, நடுப்பகல் தொழுகையான லுஹர் தொழ உள்ளே போனேன்.