பெரியக்காவின் வலது கை

இசைக் கல்லூரியின் பணியாளர் விவரத்தில் பெரியக்காவைப் பற்றி இருப்பது இது: "ஹார்ப்சிகார்ட், துணை வாத்தியம். எழுதித் தந்ததை வாசிப்பவர். சுயமாக முடிவெடுக்கும் பொறுப்பு கிடையாது."

இதை எழுதியவர் பெரியக்காவை ஒரு முறை பார்த்திருந்தால் பேனாவை மூடி வைத்திருப்பார். எந்தச் சன்னலைத் திறப்பது, யார் எந்த அறையில் பயிற்சி செய்வது, முதல்வர் எப்போது மாத்திரை விழுங்குவது என்பதெல்லாம் அவர் தீர்ப்பு. அவரைவிட மூத்தவரான முதல்வரும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்.

வேலையும் அப்படிப்பட்டதுதான். சொனாட்டா என்கிற, பல பகுதிகள் கொண்ட பழைய காலத்து வயலின் இசைப்படைப்பில், பியானோவுக்கு மூதாதையான ஹார்ப்சிகார்டுக்கென்று அடிவரிசைச் சுரங்கள் மட்டும் அச்சாகியிருக்கும். அவற்றை ஒட்டிப் பொடியாகச் சில எண்கள். இடது கை அந்த வரிசையை வாசிக்கும், பெரிய வயலின் மாதிரியான செல்லோவும் கூடவே வரும். வலது கைக்கு எண்கள் ஜாடை காட்டுவதோடு சரி. மீதியை அந்தந்த நொடியில் விரல்கள் இட்டுக்கட்டிக்கொள்ள வேண்டும்.

அவருடைய தங்கை வயலின் கலைஞர். நகர வாத்தியக் குழுவில் தற்காலிகம். நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவுசெய்ய, நடுவர்கள் முன்னால் ஒரு சொனாட்டா வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். ஹார்ப்சிகார்டுக்குப் பெரியக்கா, செல்லோவுக்குத் தங்கையின் கணவர். தங்கமான மனிதர், காகிதத்தில் கண்ணை வைத்தால் கூரை இடிந்தாலும் எடுக்க மாட்டார்.

முந்தைய நாள் சமையலறையில் ஒத்திகை. மெதுவாகப் போகும் பகுதியில் முதல் பாதியை இன்னொரு முறை திருப்பி வாசிப்பதா என்று சண்டை.

"திருப்பி வாசிச்சா நடுவருங்க தூங்கிடுவாங்க," என்றாள் தங்கை.

"தூங்கட்டும். எழுந்ததும் நல்லா இருந்துச்சுன்னு நெனச்சுப்பாங்க. திருப்பி வாசிக்கிறோம்."

"அப்புறம் என்னை எதுக்குக் கேட்டே?"

"ஒரு மரியாதைக்கு."

கணவர் பென்சிலால் குறித்துக்கொண்டார். தங்கை குறிக்கவில்லை. ஞாபகம் இருக்குமாம்.

மறுநாள், புது வண்ணப்பூச்சின் வாடை போகாத கூடத்தில், அந்த முதல் பாதி முடிந்தது. தங்கை மறந்துபோய் இரண்டாம் பாதிக்குள் நுழைந்தாள். கணவர் குறித்தபடி ஆரம்பத்துக்குத் திரும்பினார். இரண்டும் மோதிய சத்தம், கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டவர் போட்ட சத்தம் மாதிரி இருந்தது. தங்கையின் வில் நின்றது. கணவர் தலை நிமிர்ந்தார், அவரும் நின்றார்.

பெரியக்கா நிற்கவில்லை. ஹார்ப்சிகார்டை ஓங்கி அடித்தாலும் ஓசை அதிகமாகாது. சுரங்களைக் கூட்டினால்தான் கூடும். இடது கை இரண்டாம் பாதிக்குத் தாவி நிறைய சுரங்களை அள்ளிப் போட்டது. வலது கை, தங்கை விட்ட இடத்திலிருந்து அவள் மெட்டை எடுத்துக்கொண்டது. அவசரமில்லாமல், கொஞ்சம் குழைவும் சேர்த்து. பிறகு தங்கையைப் பார்த்து முகவாயை லேசாக உயர்த்தினார். வில் அசைந்தது. செல்லோவும் இடத்தைக் கண்டுபிடித்து வந்து ஒட்டிக்கொண்டது.

முடிந்ததும் தலைமை நடுவர் கேட்டார். "நடுவுல வயலின் நின்னு போச்சே?"

தங்கை வாயைத் திறப்பதற்குள் பெரியக்கா, "நின்னுச்சுங்க. இவ திருப்பி வாசிக்க மறந்துட்டா. அதான் நான் வாசிச்சேன்," என்றார்.

நடுவர் தங்கையிடம் திரும்பினார். "மறக்கறது எல்லாருக்கும் உண்டும்மா. நீங்க பதறாம திரும்ப உள்ளே வந்தீங்க பாருங்க, குழுவுக்கு அது வேணும். திங்கட்கிழமையிலிருந்து நிரந்தரம்."

வெளியே நடைபாதையில் தங்கை அழுதாள். "எல்லாத்தையும் போட்டுக் குடுத்துட்டியே அக்கா."

"அவங்களுக்கும் காது இருக்குல்ல? மொதல்ல மூக்கைத் துடை. மாப்பிள்ளை தலை நிமிர்ந்தாரே, அதைப் பார்த்தியா நீ?"

வயலினும் செல்லோவும் நின்றுவிட்ட நேரத்தில், பெரியக்கா தங்கையின் பகுதியையும் சேர்த்துத் தானே வாசித்து, அவள் திரும்பி வர இடம் விட்டார்.